எத்தனை கரண்டி

என்மீது இதுவரை ஒரே ஒருவர்தான் கல்லெறிந்திருக்கிறார். முப்பத்து நான்கு வருஷம் அரசு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பியவளுக்கு இது மிகவும் குறைவு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கல்லெறிந்தவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தொற்றுநோய் வந்தால் ஓர் ஊர் என்ன செய்ய வேண்டும் என்பதை, பிற்பாடு நான் பார்த்த எந்தச் சுற்றறிக்கையையும்விட ஒழுங்காக அவர் தெரிந்துவைத்திருந்தார். அந்தச் சுற்றறிக்கைகளில் சிலவற்றை எழுதியவளே நான்தான் என்பதால், இதைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா மலேரியா இன்ஸ்பெக்டர். பழனி மலையின் கீழ்ச்சரிவில், பெரும்பாறையில் வேலை. காப்பியும் மிளகும் ஆரஞ்சும் விளைகிற இடம். கூடவே கொசுவும் நன்றாக விளைந்தது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சுவரில் டி.டி.டி. அடிப்பதும், அடித்த தேதியைச் சுவரிலேயே எழுதிவிட்டு வருவதும் அப்பாவின் உத்தியோகம். தேதி இல்லாத சுவர் மருந்தடிக்காத சுவர். மருந்தடித்தது கொசுவுக்குத் தெரிந்தால் போதாது, மேலதிகாரிக்கும் தெரிய வேண்டும். இந்தத் தத்துவத்தை நான் அவரிடமிருந்துதான் கற்றேன். ஓய்வு பெறும்வரை கைவிடவில்லை.

காப்பிக் களத்தை ஒட்டி எங்கள் வீடு. கொஞ்சம் தள்ளி, தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் பத்து. வீட்டுக்குப் பின்னால் ஓடை. ஓடையைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறினால் பளியர்குடி. மலையின் பழைய குடிகள் அவர்கள். தேன் எடுப்பார்கள், கிழங்கு தோண்டுவார்கள், அறுவடைக் காலத்தில் தோட்ட வேலைக்கும் இறங்கி வருவார்கள். அவர்களுடைய குடிசைகள் புல்லும் மூங்கில் தட்டியுமாக இருந்தன. அப்பா மருந்தடிக்கப் போய், தேதி எழுதச் சுவர் கிடைக்காமல் தட்டித் தட்டியாகப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு பெண், "எங்க எழுதப்போறீக சாமி, எம் முதுகுலயா?" என்று கேட்டாராம். அப்பா இதை வீட்டில் வந்து சொன்னார், சிரிக்காமல்.

அந்தப் பெண்தான் எங்கள் வீட்டுக்குத் தேன் கொண்டுவருகிறவர். இடுப்பில் ஒரு கைக்குழந்தை எப்போதும் இருக்கும். மூங்கில் குழாயில் தேனைக் கொடுத்துவிட்டு உப்பும் வத்தலும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு போவார். வீட்டில் ஆள் இல்லையென்றால் ஓடைக்கரையில் இருக்கும் தட்டைப் பாறையில் தேனை வைத்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் அதே பாறையில் அம்மா உப்பை வைப்பாள். ஒப்புகைச் சீட்டு எதுவும் கிடையாது. அந்தப் பாறைக்கு நாங்கள் வைத்திருந்த பெயரே உப்புப்பாறை. எனக்கு அவர் தேன்காரக்கா. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை 'அவள்' என்றுதான் சொன்னோம். இப்போது திருத்திக்கொள்கிறேன்.

ஐம்பத்தேழாம் வருஷம், கோடை முடிந்து சாரல் பிடிக்கிற சமயத்தில், புதுக் காய்ச்சல் ஒன்று உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டு மதராசுக்குக் கப்பலில் வந்து இறங்கியது என்று பேப்பரில் வந்தது. எங்களுக்குப் பேப்பரே ஒரு நாள் தாமதமாகத்தான் வரும். என் சித்தப்பா அப்போது எங்கள் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். வேலைக்கும் அவருக்கும் இன்னும் அறிமுகம் ஆகவில்லை. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏண்ணே, கப்பல்ல வந்த காய்ச்சல் பெரும்பாறைக்கு எதுல வரும்? இங்க பஸ்ஸே வாரத்துல மூணு நாள் வர மாட்டேங்குது."

அடுத்த வாரம் அவர் சினிமா பார்க்கத் திண்டுக்கல்லுக்குப் போனார். திரும்பி வந்த மறுநாள் படுத்தார். அவருடைய கேள்விக்கு அவரே பதிலாகிவிட்டார்.

அதே பஸ்ஸில் வந்த லயன் ஆட்கள் இரண்டு பேரும் படுத்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்துத் தேன்காரக்கா வந்தார். வழக்கமாகக் களத்தைக் குறுக்கே கடந்து அடுக்களை வாசல்வரை வருகிறவர், அன்று களத்தின் மறு ஓரத்திலேயே நின்றுவிட்டார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பி, லயன் பக்கமிருந்து வந்த இருமலைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஆத்தா, எத்தன வீட்ல இருமுறாக?"

"நாலஞ்சு வீட்ல. இங்க எங்கொழுந்தனுக்கும் மேலு காயுது. அங்கயே ஏன் நிக்கிறே, வா."

"உங்களுக்கு எத்தனாம் மாசம்?"

"ஏழு முடியப் போகுது."

தேன்காரக்கா அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேன்குழாயைக் களத்து ஓரத்தில் வைத்துவிட்டு, இடுப்புப் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டார். "உப்பு வாங்காமப் போறாளே, கிறுக்கச்சி" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் பளியர்குடிப் பாதை அடைபட்டிருந்தது. உப்புப்பாறைக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு மரங்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு இண்டமுள் கொடியை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

அன்றுதான் அப்பாவுக்குச் சுற்றறிக்கையும் வந்தது. மலேரியா ஆட்களே இந்தக் காய்ச்சலையும் கணக்கெடுத்து மூன்று பிரதிகளில் அனுப்ப வேண்டும். மலைக்குடிகளுக்குப் பால் பவுடர் கொடுத்து அறிவுரை கூற வேண்டும். அப்பா படிவத்தை எடுத்துக்கொண்டார். பால் பவுடர் டின்னைத் தூக்கிக்கொண்டார். குடையைப் பிடிக்க நான். முள்ளுக்கு இந்தப் பக்கம் நாங்கள் போய் நின்றதும், அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் தேன்காரக்கா வந்து நின்றார். நாங்கள் ஏறுவதை முன்பே பார்த்திருக்க வேண்டும்.

"ஏம்மா, கணக்கெடுக்க வந்திருக்கேன். பாதையத் தெறங்க."

"அங்கனயே நின்னு எடுங்க சாமி."

"குடியில மொத்தம் எத்தனை பேரு?"

"போன தடவ எண்ணிட்டுப் போனீகள்ல, அம்புட்டுப் பேரும் இருக்கோம்."

"காய்ச்சல் எத்தனை பேருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்ல. நீங்க உள்ள வந்துட்டுப் போன பெறகு வேணா, மறுக்கா வந்து எண்ணிக்கிடுங்க."

இதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சுற்றறிக்கையைப் பிரித்தார். இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கி உரக்கச் சொன்னார்.

"கூட்டமா ஒரே எடத்துல இருக்கக் கூடாது."

"அதான் குடிய விட்டு மூணாப் பிரிஞ்சு மூணு புடவுக்குப் போயிட்டோம்." புடவு என்பது மலைப்பாறையின் அடியில் இருக்கும் குகை.

"காத்தோட்டமா படுக்கணும்."

"புடவுக்குக் கதவு ஏது சாமி?"

"நோய் இருக்கிற எடத்துல இருந்து ஆளுக மத்த எடத்துக்குப் போகக் கூடாது."

"அதான் முள்ளு போட்டிருக்கு. இம்புட்டையும் எழுதி வச்சுக்கிட்டு நீங்க எதுக்கு சாமி ஏறி வந்தீக?"

சாமி, சாமி என்று சொல்லிக்கொண்டே ஓர் அரசாங்கத்தை வழிமறித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பால் பவுடரை வாங்கிக்கொள்ளவும் மறுத்துவிட்டார். லயன் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்து, குறிப்புப் பகுதியில், 'ஒத்துழைக்க மறுத்தனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இறங்கும்போது வழியில் இருமினார். அதுதான் அவருடைய முதல் இருமல்.

அன்று சாயங்காலம் எனக்கும் காய்ந்தது. பிள்ளைகளுக்கு அது வந்த வேகத்தில் போயிற்று. மூன்றாம் நாள் நான் எழுந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் வீட்டில் எழுந்து நிற்கிற ஆள் நான் ஒருத்திதான். சித்தப்பா ஒரு மூலை, அப்பா ஒரு மூலை, அடுக்களையை ஒட்டி அம்மா. லயனிலும் ஒரு வீட்டுக்கு ஒருவர் நடமாடினால் அதிகம். பஸ் நின்றுபோயிற்று. தோட்டத்துக் கடை பூட்டிக் கிடந்தது. தோட்டத்துக் கம்பவுண்டரே போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

சுற்றறிக்கையில் பார்லிக் கஞ்சியும் ரொட்டியும் கொடுக்கச் சொல்லியிருந்தது. ரொட்டிக்குத் திண்டுக்கல் போக வேண்டும். இருந்த பார்லியை அப்பா படுத்தபடியே சொல்லச் சொல்ல நான் காய்ச்சினேன். அம்மா குடித்தாள், குடித்த வேகத்தில் எடுத்தாள். சோற்றுக் கஞ்சி கொடுத்தேன், அதுவும் வந்தது. பால் பவுடரைக் கரைத்த வாசனைக்கே குமட்டினாள். இரண்டு நாள் இப்படிப் போனது. உதடு வெடித்துக் கண் உள்ளே போய்விட்டது. நான் தூங்குவதாக நினைத்து அவள் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"உள்ள அசைவே கம்மியாக் கெடக்குங்க."

அப்பா சுற்றறிக்கையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி தலையணைக்கடியில் வைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரு விதிமுறை சொல்கிறவர் அப்படி வைத்ததைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். மருத்துவச்சி அடிவாரத்தில் இருந்தாள். நான் இறங்கிப் போய்க் கூட்டிவரலாமா என்று யோசித்தபடி குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன்.

உப்புப்பாறையில் பச்சை ஓலையில் முடைந்த கூடை ஒன்று இருந்தது. அதில் இரண்டு இலைப் பொட்டலங்கள். ஒன்றின் நாரில் மட்டும் முடிச்சு. பக்கத்தில் ஒரு சின்னத் தேன்குழாய். பாறையின் மறுபுறத்தில் பச்சைக் கிழங்கு ஒரு குவியல், லயன் வீடுகளுக்காக, பத்துப் பங்காகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கையில் மேலேயிருந்து குரல் வந்தது.

"பாப்பா! முடிச்சுப் போட்டது ஆத்தாவுக்கு! வெத்தலவள்ளிக் கெழங்கு, அவிச்சிருக்கு! மசிச்சு வெந்நீ ஊத்திக் கஞ்சியாக் கரைச்சுக்க! தேன் ஒரு சொட்டு விடு!"

"சரிக்கா!"

"ஒரு கரண்டிதான் குடுக்கணும்! வாந்தி எடுத்தா, செத்த விட்டு மறுபடி ஒரு கரண்டி! படுக்கப் போட்டு ஊத்தாத! தலைய நிமித்திப் பிடி!"

"சரிக்கா!"

"நாளைக்கு வெள்ளனே இங்க வந்து, எத்தன கரண்டி உள்ள தங்குச்சின்னு சத்தம் குடுக்கணும்! சத்தம் வரலேன்னா நான் வேற மாதிரி நெனச்சுக்கிருவேன்! கூடையும் எலையும் அடுப்புக்குப் போயிரணும், ஒண்ணும் திரும்பி வரக் கூடாது! உப்பும் வேணாம்!"

வெற்றிலைக் கொடிபோல இலை இருப்பதால் அதற்கு அந்தப் பெயர். வெண்ணெய்போல மசிந்தது. முதல் கரண்டியை அம்மா எடுத்துவிட்டாள். செத்த நேரம் விட்டு இரண்டாவது கரண்டி. அது தங்கியது. அன்று முழுவதும் நான் அவள் தலையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை பாறையில் புதுக் கூடை.

"எத்தன கரண்டி பாப்பா?"

"மூணு!"

"மூணு" என்று மலை திருப்பிச் சொன்னது. அதற்கும் அப்பால் இன்னொரு முறை, மெல்லிதாக, "மூணு" என்றது. எதிரொலி என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். இந்த மலையின் எதிரொலி ஆம்பிளைக் குரலில் வந்தது மட்டும் கொஞ்சம் விநோதமாக இருந்தது.

"நல்லது! இன்னைக்கு ஆறு!"

ஆறு, பத்து, பதினைந்து. நான் கத்துவேன், மலை இரண்டு தடவை திருப்பிச் சொல்லும். கிழங்கு காய்ச்சலைக் குணமாக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வதற்கு முறையான ஆய்வு வேண்டும், அதற்கொரு குழு வேண்டும், குழுவுக்குப் பயணப்படி வேண்டும். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே இறங்கியது. இறங்குகிறவரை உடம்பில் ஏதாவது தங்க வேண்டும். எழுந்து நிற்க ஆளில்லாத பத்துப் பதினொரு வீடுகளுக்கு யாராவது தினமும் சோறு கொண்டுவர வேண்டும். அரசாங்கத்தில் அதைச் செய்ய ஒருவரும் இல்லை. முள்ளுக்கு அந்தப் பக்கம், ஒரு இருமலும் இல்லாத இடத்தில், ஆட்கள் இருந்தார்கள். முள் போட்டதால்தான் இருந்தார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு உத்தியோக காலமே ஆனது.

ஆறாம் நாள் அம்மா தானே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில், "ஏய், இங்க வா" என்று என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை. அப்பா மூலையிலிருந்து, "என்ன, என்ன?" என்றார். "உதைக்குதுங்க" என்றாள். சித்தப்பா போர்வைக்குள்ளிருந்து, "எனக்கும் சேத்து ரெண்டு உதை விடச் சொல்லுங்க மதினி, சினிமாவுக்குப் போனதுக்கு" என்றார்.

எங்கள் பிழை அங்கேதான் தொடங்கியது. ஓலைக் கூடைகளை நான் அடுப்பில் போட்டுவிட்டிருந்தேன். மூங்கில் குழாய்களை அம்மா போடவிடவில்லை. நல்ல குழாய், பழகிப் பழகி மினுமினுவென்று இருந்தது. அடுத்தவர் பாத்திரத்தை எப்படி எரிப்பது? எரிக்கக் கூடாதென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுப்பதென்றால் வெறுமனே கொடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில், வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்புகிற வீடு மனிதர்கள் வீடே இல்லை. அம்மா எழுந்து அடுப்படியில் உட்கார்ந்து, வறுத்து வைத்திருந்த மாவில் வெல்லப் பாகு ஊற்றி, பொரிவிளங்காய் உருண்டை பிடித்தாள். இரண்டு உருண்டைக்கு ஒரு தடவை திரும்பி இருமினாள். இருமிய வாயைத் துடைத்த அதே கையால் அடுத்த உருண்டையைப் பிடித்தாள். தலையணைக்கடியில் சுற்றறிக்கையை வைத்திருந்த அப்பா ஒன்றைக் கடித்துப் பார்த்து, வெல்லம் கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் கருத்துச் சொன்னார்.

உருண்டைகளைத் தூக்குவாளியிலும் குழாய்களைக் கையிலுமாக எடுத்துக்கொண்டு நான் போனேன். பாறையில் வைத்துவிட்டு வரச் சொன்னாள் அம்மா. எனக்கு அது போதவில்லை. நேரில் கொடுக்க வேண்டும், தேன்காரக்காவின் இடுப்புப் பிள்ளை கையில் ஒரு உருண்டையாவது வைக்க வேண்டும். ஒரு கம்பால் முள்ளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

பத்தடி போயிருப்பேன். காலடியில் ஒரு கல் வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேலே, வளைவில், தேன்காரக்கா.

"அக்கா, உருண்டை!" என்று தூக்குவாளியை உயர்த்திக் காட்டினேன்.

"ஏ கழுத! நில்லு!" அதுவரை நான் பாப்பாவாகத்தான் இருந்தேன். "இன்னும் ஒரு அடி வச்சே, காலை ஒடிச்சிருவேன்! போ! திரும்பிப் போ!"

விளையாட்டு என்று நினைத்து இன்னொரு அடி வைத்தேன். அடுத்த கல் முழங்காலில் பட்டது. தூக்குவாளி விழுந்து உருண்டைகள் சரிவில் உருண்டன. பொரிவிளங்காய் உருண்டைக்கும் கல்லுக்கும் கெட்டியில் பெரிய வித்தியாசம் இல்லை. எது எதுவென்று தெரியாமல் எல்லாம் சேர்ந்து உருண்டன. நான் முள்ளில் சட்டை கிழிய வெளியே வந்து, பாறையருகில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஒரு நீளமான மூங்கில் கழியால், தொடாமல், அவ்வளவு உருண்டைகளையும் குழாய்களையும் ஒரு குவியலாகத் தள்ளி, மேலே சருகைப் போட்டு, கழி நுனியில் தீயை நீட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

வீட்டில் இதைச் சொல்லி அழுதேன். அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "நாம குடுத்ததத் தீயிலயா போட்டா?" என்று கேட்டாள். அப்பா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை தண்ணீருக்குப் போகாமல் இருக்க முடியாது. பாறையில் வழக்கம்போல இரண்டு பொட்டலம், தேன். கூடவே அரைத்த பச்சிலை கொஞ்சம், இலையில் மடித்து.

"பாப்பா! காலு எப்படி இருக்கு?"

நான் பதில் சொல்லவில்லை.

"பச்செலையப் பத்துப் போடு! ஆத்தா எத்தன கரண்டி?"

குடத்தை நிரப்பினேன். கூடையை எடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் நடந்தேன். பின்னாலேயே குரல் வந்தது: "பாப்பா! ஏ பாப்பா! ஆத்தா எத்தன கரண்டி?" மலையும் இரண்டு தடவை, "எத்தன" என்று கேட்டது. எனக்கு அது மிகவும் திருப்தியாக இருந்தது.

இரண்டாம் நாள் குரல் இன்னும் நெருக்கத்தில், முள்ளருகிலிருந்தே வந்தது. நான் குனிந்த தலை நிமிரவில்லை. "ஒத்த வார்த்த சொல்லு தாயி" என்றது குரல். நான் பாவாடையைத் தூக்கி முழங்காலைக் காட்டினேன், அவ்வளவுதான். திரும்பி நடந்தேன். உண்மையில் அம்மா அப்போது கரண்டிக் கணக்கைத் தாண்டி, கிண்ணம் கிண்ணமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லித் தேன்காரக்காவைச் சந்தோஷப்படுத்த எனக்கு மனமில்லை.

மூன்றாம் நாள் குரலே இல்லை. பாறையில் ஒரே ஒரு பொட்டலம். முடிச்சுப் போட்ட பொட்டலம் இல்லை. தேன் இல்லை.

"பாத்தியாம்மா, கஞ்சத்தனத்த" என்று அம்மாவிடம் புகார் கொடுத்தேன். "உனக்குன்னு தனியா வைக்கிறத நிறுத்திட்டாங்க. தேனும் வைக்கல."

அம்மா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தேன் வைக்கலியா?"

"இல்ல."

"நீ தெனமும் சத்தம் குடுத்தியா இல்லியா?"

நான் முழங்கால் காயத்தைத் தடவினேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். துக்க வீட்டுக்கு இனிப்புக் கொண்டுபோகிற வழக்கம் யாருக்கும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. "இந்த ஒடம்போட எங்க கெளம்பிட்டே?" என்று அப்பா கேட்டதற்கு, "ஒரு சோலி இருக்கு" என்றாள். என் தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையுமாக, நாலு அடிக்கு ஒரு தடவை நின்று நின்று, ஓடைவரை நடந்தாள். பாறையில் கைவைத்து நிமிர்ந்து நின்றாள்.

"தேன்காரம்மா! நாந்தான்! நல்லா இருக்கேன்!"

கத்தியதில் இருமல் வந்தது. இருமி முடித்து மறுபடி கத்தினாள்.

"புள்ளையும் நல்லா இருக்கு! உதைக்குது!"

பிறகு முள்ளுக்கு மேலேயிருந்து நீளமாக ஒரு கூவல் எழுந்தது. அது ஓய்வதற்குள் வலப்புற மலையிலிருந்து ஒன்று. அதற்கும் அப்பாலிருந்து இன்னொன்று. பெண்கள், ஆண்கள், பிள்ளைகள் என்று ஒரே கூச்சல். எதிரொலி இத்தனை பேராக வராது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அம்மா பாறையில் உட்கார்ந்து அழுதாள். "ஏம்மா, கேலி பண்றாங்களா?" என்று கேட்டேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்; பிறகு குட்டிய இடத்தைத் தடவிவிட்டாள்.

மறுநாள் பாறையில் தேன் இருந்தது. குழாய் புதிது.

லயனில் கடைசி இருமல் நின்று, ஒரு நிலவு முழுசாகத் தேய்ந்து மறுபடி வளர்ந்த பிறகுதான் முள்ளை எடுத்தார்கள். அப்பா படிவத்தோடு ஏறிப் போய் எண்ணினார். ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். காய்ச்சல் ஒருவருக்கும் இல்லை. எழுதி மேலே அனுப்பினார். 'நம்பும்படியாக இல்லை, காரணம் விளக்கவும்' என்று கோப்பு திரும்பி வந்தது. ஏற்கெனவே எழுதிய 'ஒத்துழைக்க மறுத்தனர்' என்பதை விதிப்படி அடிக்க முடியாது. ஆகவே அதற்குக் கீழேயே, 'மறுத்ததே காரணம்' என்று எழுதி அனுப்பினார். அவர் உத்தியோக வாழ்க்கையில் எழுதிய மிகச் சிறந்த வாக்கியம் அதுதான். அதற்குப் பதில் வரவில்லை.

தேன்காரக்கா களத்தைக் கடந்து அடுக்களை வாசலுக்கு வந்தார். பிறகு அம்மா, இந்தப் பருவத்தில் இவ்வளவு கிழங்கு எங்கே கிடைத்தது என்று கேட்டாள்.

"நோய்க்குன்னு விட்ட கொடிக ஆத்தா அது. நல்ல நாள்ல யாரும் அந்தப் பக்கம் தோண்டுற கம்பு ஊன மாட்டோம். எங்க மாமியா புள்ளையா இருக்கையில ஒரு பெருங்காய்ச்ச வந்துச்சாம், அப்பத் தோண்டுனது. பெறகு இப்பத்தான். கொடித் தலைய மறுபடி குழிக்குள்ள வச்சு மூடியாச்சு. இனி வார நோய்க்கு அது வளரும்."

அவசரகால இருப்பு என்பதைப் பற்றிப் பின்னாளில் நானே பக்கம் பக்கமாக விதிகள் எழுதியிருக்கிறேன். பதிவேடு, பூட்டு, இரண்டு சாவி, காலாண்டுத் தணிக்கை. அப்படியும் திறந்து பார்க்கிறபோது பாதி இருக்காது. அவர்களுடையது திறந்த காட்டில், பூட்டில்லாமல், ஒரு ஆயுள் காலம் தொடாமல் கிடந்தது. தங்களுக்காக வைத்திருந்த அதைத்தான் முள்ளுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தோண்டிக் கொடுத்திருந்தார்கள்.

தேன்காரக்கா என்னைக் கூப்பிட்டு முழங்காலைத் திருப்பிப் பார்த்தார். தழும்பை விரலால் தடவினார்.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? மூணு புடவுலயும் வெள்ளனே எந்திரிச்சு, இன்னைக்கு எத்தன கரண்டி, எத்தன கரண்டின்னு அதுதான் பேச்சு. கெழடுக மொதக்கொண்டு கேக்கும். நீ வாயத் தெறக்கல. மூணாம் நாளு உங்களுக்கு மட்டும் சுட்டு வச்சுட்டு வந்தோம். அன்னைக்கு நாங்க ஒருத்தரும் எங்களுக்குன்னு கெழங்கத் தொடல."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வருத்தமாக இருந்தது. எங்களுக்கே கொடுத்துக் கொடுத்து, பாவம், அவர்களுக்குக் கிழங்கு தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.